கொலுசுக் கணக்கு நோட்டு

அண்ணா, போன வாரம் சேலம் சிவதாபுரத்திலிருந்து நீங்கள் உங்கள் மகள் பாப்பாவோடு வந்து, அவளை எந்தக் கல்லூரியில் எதில் சேர்க்கலாம் என்று கேட்டபோது "பார்த்துக்கலாம், கவலைப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டேன். அப்புறம் நீங்கள் விட்டுப்போன கொலுசுப் பட்டறை நோட்டைப் புரட்டினேன். இப்போது வேறு மாதிரி பேசவேண்டியிருக்கிறது.

வீட்டை அடமானம் வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்க வேண்டாம். உங்கள் மச்சான் சொல்கிறபடி அவர் மகன் அதைப் படித்துப் பெங்களூரில் இருக்கலாம். வட்டி கட்டப்போவது மச்சான் இல்லை. கோடிங்கில் ஆசை இல்லை என்று பாப்பா உங்கள் முன்னாலேயே சொன்னாள்.

அந்த நோட்டில் அவள் என்ன செய்திருக்கிறாள் தெரியுமா? கம்பி இழுப்பவர், வளையம் பின்னும் வீடு, பற்றவைப்பவர், மெருகு போடுபவர். வெள்ளி யாரிடம் எத்தனை கிராம் போனது, எத்தனை திரும்பியது, சேதாரம் எங்கே கூடியது, எல்லாம் அம்புக்குறி போட்டுப் படமாக. இதையே தொழிலாகச் செய்கிறார்கள். பிசினஸ் புராசஸ் மாடலிங் என்று பெயர், அதாவது ஒரு வேலை யார் யார் கைமாறி எப்படி நடக்கிறது என்று படமாக வரைவது. பிபிஎம்என் என்கிற குறியீட்டில் வரைவார்கள். 2013-இலேயே அந்தக் குறியீடு ஐஎஸ்ஓ என்கிற உலகத் தரமாகிவிட்டது. வட்டம் என்றால் தொடக்கம், முனை மழுங்கிய பெட்டி என்றால் வேலை, சாய்சதுரம் என்றால் பாதை பிரியும் இடம்: 'எடை சரியா?' ஒரே முதலாளியின் ஆட்கள் என்றால் ஒரே கட்டத்துக்குள் ஆளுக்கொரு பட்டை, அது லேன். கூலிக்கு எடுத்துச் செய்கிற வெளியாள் என்றால் தனிக் கட்டம், அது பூல்; இரண்டு பூலுக்கும் நடுவில் விட்டுவிட்டுப் போகும் கோடு. வெளியாளான பின்னல் வீட்டுக்கு மட்டும் பாப்பா பச்சை மை போட்டுத் தனியாகக் காட்டியிருக்கிறாள். சொல்லிக்கொடுக்காமலே!

1987-இல் ஐபிஎம் கம்பெனியில் இருந்த ஜான் சாக்மன், ஒரு நிறுவனத்தை வகைபிரித்துப் பார்க்க ஒரு கட்டமைப்பு எழுதினார். இன்று அது ஒரு நிறுவனத்தையே என்ன, எப்படி, எங்கே, யார், எப்போது, ஏன் என்ற ஆறு கேள்விகளால் பிரித்துப் பார்க்கிறது. நோட்டில் 'ஏன்' மட்டும்தான் இல்லை.

சேலம் கோரிமேட்டு அரசு மகளிர் கல்லூரியில் பி.காம். போதும். வரையும் கருவி பிபிஎம்என்.ஐஓ தளத்தில் இலவசம். ஒரு நிறுவனத்தின் முழு அமைப்பையும் வடிவமைக்கும் முறைக்கான டோகாஃப் சான்றிதழ் என்று யாராவது இப்போதே பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், அது வேலையில் பழகியவர்களுக்கு. பாப்பா முதலில், கம்பெனி வேலைகளை ஆராய்ந்து திருத்தம் சொல்கிற பிசினஸ் அனலிஸ்டுக்குக் கீழே உதவியாளாகத்தான் சேர்வாள், சம்பளமும் சுமாராகவே இருக்கும். அதையும் மச்சானிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

மெருகு போடும் இடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, வெள்ளி ஏன் அங்கே இரண்டு நாள் தங்குகிறது என்று அவள் வரைந்துகொண்டு வரட்டும். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.