மோட்டார் சைக்கிள் டேங்கில் பெட்ரோல் அளவு பார்க்க

மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தும் அளவு பிடிபடவில்லை, பாதி வழியில் வண்டி நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் இரண்டு முறை வண்டியைத் தள்ளியே வீடு சேர்ந்த அனுபவம் உண்டு.

நான் செய்தது இதுதான். டேங்கின் அடி வால்வுக்குக் கீழே ஒரு 'டீ' இணைப்பு (T வடிவில் மூன்று வாய் உள்ள குழாய்த் துண்டு). அதன் ஒரு கிளை, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்கு. மறு கிளையில் பெட்ரோல் தாங்கும் ஒளிபுகும் குழாய், டேங்கை ஒட்டி மேலே போகிறது. மேல்முனை டேங்கின் உச்சியைவிட உயரமாக, திறந்தே இருக்க வேண்டும். அடைத்தால் உள்ளே சிக்கும் காற்று பொய்க்கணக்கு காட்டும். வால்வுக்கு மேலே மட்டும் 'டீ' போடாதீர்கள். குழாய் வெடித்தால் நிறுத்த வழியில்லை. மீன்தொட்டிக் குழாயும் வேண்டாம், சீக்கிரமே மஞ்சளித்து விறைத்துவிடும். குழாய் சூடான சைலன்சர் பக்கம் போகவே கூடாது.

அப்புறம், காலி டேங்கில் 250 மில்லியாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் குழாயில் கோடு போடுங்கள். டேங்க் வளைவாக இருப்பதால் கோடுகள் சம இடைவெளியில் வராது. வண்டியை நிமிர்த்திப் பிடித்துத்தான் பார்க்கணும். ஸ்டாண்டில் சாய்ந்திருந்தால் அளவு மாறும்.

இவ்வளவு வேலை வேண்டாமென்றால், இதேபோல 250 மில்லியாக ஊற்றி, மூங்கில் குச்சியை டேங்குக்குள் விட்டு, நனைந்த இடத்தில் கோடு வெட்டிக்கொள்ளுங்கள், போதும்.