முதல் வாரத்திலேயே போக வேண்டிய அலுவலகம்

அன்புள்ள தம்பிக்கு,

பட்டிப் பொங்கலுக்காக ஊருக்கு வந்த நான், சத்தியமங்கலத்துக்கு அருகில் என் தாயார் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இந்தப் பதிலை எழுதுகிறேன். பி.ஆர். எனப்படும் நிரந்தர வதிவுரிமை கிடைத்து, தாராபுரத்திலிருந்து மனைவியோடும் ஆறு வயதுப் பெண்ணோடும் வரும் மார்ச் மாதம் கனடாவின் டொராண்டோவுக்குப் புறப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். புதிதாகக் குடியேறுவோருக்கு உதவும் தொண்டு நிறுவனங்கள் அங்கே நிறைய இருப்பதாகக் கேள்விப்பட்டதாகவும், அவை அகதிகளுக்கு உரியவைதானே, நூற்பாலையில் பொறியாளராக இருந்து வங்கி இருப்பையும் காட்டிவிட்டு வருகிற நம்மைப் போன்றவர்கள் அங்கே போய் நிற்பது முறையாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், குளிர்கால மேல்கோட்டைக் கோவையிலேயே வாங்கிக்கொள்ளலாமா என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் எண்ணம். அதனால் இரண்டாவதற்கான பதிலைக் கடைசியில் சொல்கிறேன்.

நானும் உங்களைப் போலத்தான் நினைத்தேன். 2011 நவம்பரில் நாங்கள் போய் இறங்கியபோது, வாடகை வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அப்படி ஓர் அலுவலகம் இருந்தது. வாசலில் தமிழிலும் 'நல்வரவு' என்று எழுதியிருந்தார்கள். இலவசமாகக் கொடுக்கிற இடத்தில் வரிசையில் நிற்பது நம் குடும்பத்துக்கு அழகல்ல என்று எண்ணி, ஐந்து மாதங்கள் அந்த வாசலைத் தாண்டித் தாண்டியே வேலை தேடிப் போய்வந்தேன். நம் பக்கத்தில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தருவது, யாரிடமும் போய்க் கையேந்தாதே என்பதைத்தான். அந்தப் பாடம் தோட்டத்திலும் தறிக்கூடத்திலும் நம்மைக் காப்பாற்றியது உண்மை. எல்லாக் கணக்கும் அரசு எண்களாலும் படிவங்களாலும் நடக்கிற ஊரில் அதே பாடம் என்னைப் பல மாதங்கள் பின்னுக்குத் தள்ளியது.

முதலில், அது பிச்சை அல்ல என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். கனடாவின் குடிவரவு அமைச்சு நாடு முழுவதும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அமைப்புகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, புதிதாக வந்தவர்களைக் குடியமர்த்தும் பணிக்குப் பணம் கொடுக்கிறது. அந்த அமைப்புகள் இலாப நோக்கமற்றவை. உங்களிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது. அந்தச் சேவைக்கு முதல் உரிமையாளர்கள் உங்களைப் போன்ற நிரந்தர வதிவாளர்களும், பாதுகாப்பு வழங்கப்பட்ட அகதிகளும்தான். நீங்கள் அங்கே வேலை செய்து வரி கட்டத் தொடங்கியதும் அந்தப் பணம் அடுத்து வருகிறவருக்குப் போகிறது. கல்யாணத்தில் மொய் வாங்கிக்கொண்டவனை யாரும் இரந்தவன் என்று சொல்வதில்லை. நோட்டில் பெயர் இருக்கிறது, முறை வரும்போது அவனும் எழுதுவான். இதுவும் அந்த வகைதான், எழுதிக் கொடுக்கிற ஆள் மட்டும் வேறு.

இனி அந்த அலுவலகத்தில் நடப்பது என்ன என்று சொல்கிறேன். நம் கல்யாணங்களில் சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர் என்ன செய்கிறார்? பணம் கொடுப்பதில்லை, பெண்ணும் பார்ப்பதில்லை. எந்தச் சீர் முன்னால், எந்தச் சீர் பின்னால் என்று அறிந்து, ஒன்றும் விட்டுப்போகாமல் நடத்திவைக்கிறார். குடியமர்வு ஆலோசகரின் வேலையும் அதுதான். 'சின்' எனப்படும் ஒன்பது இலக்கச் சமூகக் காப்புறுதி எண்ணை முதலில் வாங்க வேண்டும். அது இல்லாமல் சம்பள வேலையில் சேர முடியாது. அதற்கடுத்து, டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தின் மருத்துவக் காப்பீட்டு அட்டை. நாங்கள் போன காலத்தில் அதற்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது, 2020 மார்ச்சில் அந்தக் காத்திருப்பை நீக்கிவிட்டார்கள். பிறகு பள்ளிச் சேர்க்கை, அதற்குத் தடுப்பூசிப் பதிவு. தாராபுரத்து மருத்துவமனையில் எழுதிக்கொடுத்த அட்டையைத் தொலைக்காமல் கொண்டுவாருங்கள். அதன்பின் குழந்தைக்கு மாதந்தோறும் அரசு தருகிற உதவித்தொகைக்கான விண்ணப்பம். இப்படி ஒரு தொகை உண்டு என்பதையே நான் ஐந்தாவது மாதத்தில்தான் அறிந்தேன். வருமானம் இல்லாமல் கையிருப்பைக் கரைத்துக்கொண்டிருந்த மாதங்களில் அது எங்களுக்கு வந்திருக்க வேண்டிய பணம். விட்டுப்போன மாதங்களுக்கும் சேர்த்துக் கேட்கலாம் என்று சொல்லி, படிவத்தை நிரப்பித் தந்தவர் அந்த ஆலோசகர்தான்.

அவரிடம் நானாகப் போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒன்டாரியோவின் பல பள்ளிகளில் குடியமர்வுப் பணியாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மகளை விட்டுவிட்டு வாசலில் தயங்கி நின்ற என் மனைவியிடம் அப்படி ஒருவர் பேச்சுக் கொடுத்து, அந்த அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். மனைவி போனார்; பின்னாலேயே நானும் போனேன்.

எங்களுக்கு அமைந்த ஆலோசகர் ஐம்பது வயதைக் கடந்த ஓர் ஈழத்து அம்மா. எந்த ஊர் என்று கேட்டார். தமிழ்நாடு என்றேன், தமிழ்நாட்டில் எங்கே என்றார். சத்தியமங்கலம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "பவானிசாகர் முகாமில பதினொரு வருசம் இருந்தனான், வாய்க்கால்ல இப்பவும் தண்ணி விடுகினமோ?" என்று கேட்டார். 1990இல் மன்னாரிலிருந்து படகேறி, ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள மண்டபம் வழியாக அங்கே வந்து சேர்ந்தவர். நான் பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து அந்த அகதி முகாம் ஒரு பேருந்துப் பயணம்தான். விடுமுறை நாட்களில் அணைப் பூங்காவுக்குப் போயிருக்கிறேன், அங்கே வறுத்துத் தருகிற மீனுக்காகவே போயிருக்கிறேன். ஒரு நாளும் முகாமுக்குள் போனதில்லை, அங்கிருந்து எங்கள் பள்ளிக்கு வந்த பிள்ளைகளிடம் வீட்டைப் பற்றிக் கேட்டதும் இல்லை. அவரோ என் எதிரில் அமர்ந்து, என் மகளின் பெயருக்கு எழுத்துக்கூட்டல் கேட்டுக்கொண்டிருந்தார்.

இந்த வேலையை எங்கே கற்றீர்கள் என்று பின்னொரு நாள் கேட்டபோது, முகாமில்தான் என்றார். 1984இல் ஈழத் தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் முன்னின்று தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் மாலை வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அகதிகளே அகதிகளுக்காக நடத்திய அமைப்பு அது. ஆக, அகதிகளுக்கான இடத்தில் நாம் போய் நிற்கலாமா என்பது உங்கள் கேள்வி. அங்கே நமக்கு வழிகாட்டிக்கொண்டிருப்பவர்களில் பலர் அகதியாக வந்தவர்கள் என்பது என் பதில். 1986 ஆகஸ்டில் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழர்களை அவ்வூர் மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தார்கள். அந்தத் தலைமுறை அங்கே வேரூன்றியதால்தான் இன்று டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியிலுள்ள அரசு, தொண்டு அலுவலகங்களில் தமிழில் பேச ஆள் கிடைக்கிறார். அவர்களுக்கும் முந்தியவர்கள் உண்டு: டொராண்டோவில் இத்தாலியக் குடியேறிகள் தங்கள் மக்களுக்காகத் தொடங்கியதில் வளர்ந்த காஸ்டி என்ற அமைப்பு 1952 முதல் நடக்கிறது, இன்று எல்லா நாட்டவருக்கும் உதவுகிறது.

அகதிகளுக்குக் கிடைப்பதும் நமக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அரசே தெரிவுசெய்து அழைத்துவருகிற அகதிகளுக்கு, பொதுவாக ஓராண்டு வரை, வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் தொடக்கத்தில் தங்குமிடமும் உண்டு; தனியார் குழுக்கள் பொறுப்பேற்று அழைத்துவருகிறவர்களை அந்தக் குழுவினரே பார்த்துக்கொள்கிறார்கள். நமக்குப் பணமும் வீடும் கிடையாது. வழிகாட்டல், வகுப்பு, வேலைக்கான பயிற்சி மட்டுமே. ஆகவே அவர்கள் பங்கை நாம் பிடுங்கிக்கொள்கிறோம் என்ற உறுத்தலும் வேண்டியதில்லை. உங்கள் மைத்துனர் மாணவர் விசாவில் வரப்போவதாக எழுதியிருந்தீர்கள். அவரைப் போன்ற மாணவர்களும் தற்காலிகப் பணியாளர்களும் கனடாவின் ஒன்றிய அரசின் பணத்தில் நடக்கும் சேவைகளில் பெரும்பாலானவற்றைப் பெற முடியாது. ஒன்டாரியோ மாகாணம் தனியாகப் பணம் கொடுக்கும் சேவைகளுக்குப் போகலாம், அதற்கு முன் கல்லூரியிலேயே உள்ள அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேட்கலாம்.

உங்களைவிட உங்கள் மனைவிக்குத்தான் இந்த இடம் அதிகம் பயன்படும். நீங்கள் ஆங்கிலத் தேர்வு எழுதி மதிப்பெண் வாங்கிவிட்டீர்கள். அவர் எழுதவில்லை என்று குறிப்பிட்டிருக்கிறீர்கள். 'லிங்க்' எனப்படும் இலவச ஆங்கில வகுப்புகள் அவரைப் போன்றவர்களுக்காகவே நடக்கின்றன. பன்னிரண்டு படிகள் கொண்ட மொழித்தர அளவுகோலில் எந்தப் படியில் இருக்கிறார் என்று பார்த்து, அதற்கேற்ற வகுப்பில் சேர்ப்பார்கள். பள்ளி வயது ஆகாத கைக்குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்ளப் பல மையங்களில் ஆள் உண்டு. என் மனைவி அந்த வகுப்பில் ஆங்கிலம் கற்றது ஒரு பங்கு என்றால், தனியாகப் பேருந்து ஏறியதும், சிரியாவிலிருந்தும் எரித்ரியாவிலிருந்தும் வந்த பெண்களோடு தேநீர் குடித்ததும், என்னைக் கேட்காமல் மருத்துவரிடம் நாள் குறித்ததும் மூன்று பங்கு. குளிர்காலத்தில் நான்கு சுவருக்குள் ஒரு பெண் தனியாகக் கிடப்பது எப்படிப்பட்டது என்பதை இங்கே வெயிலில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு விளக்க முடியாது. இன்னொன்றும் இருக்கிறது. அங்கும் நம் ஊர்க்காரர்கள் உண்டு, சங்கம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை அரிசிம்பருப்புச் சோறும் உண்டு. ஆனால் அவர்களிடம் சொன்ன குடும்பச் சங்கதி மறுவாரமே காங்கயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆலோசகரிடம் சொன்னது அந்த அறையைத் தாண்டாது. வீட்டுக்குள் அடிபடுகிற பெண்கள் முதன்முதலில் வாய்திறந்த இடம் இந்த அலுவலகங்கள் என்பதை நான் அறிவேன்.

வேலை தேடுவதில் அவர்கள் செய்த உதவியைச் சொன்னால் சிரிப்பீர்கள். என் தன்விவரக் குறிப்பில் புகைப்படம், தந்தை பெயர், பிறந்த தேதி, திருமண நிலை எல்லாம் இருந்தன; மேற்கண்டவை யாவும் உண்மை என்று உறுதி கூறிக் கையொப்பமும் இட்டிருந்தேன். ஐந்து மாதங்களில் நூற்றுக்கணக்கான இடங்களுக்கு அனுப்பிய அந்தத் தாளைப் பயிற்சியாளர் வாங்கி, பாதிக்கு மேல் அடித்துவிட்டு, ஆலையில் நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் என்ன மிச்சமாயிற்று என்பதை மட்டும் எழுதச் சொன்னார். உங்கள் துறையில் ஒரு நல்ல மாற்றம்: பொறியாளர் உரிமம் பெற ஓராண்டு கனடிய அனுபவம் வேண்டும் என்ற நிபந்தனையை ஒன்டாரியோவின் பொறியாளர் ஒழுங்குமுறை அமைப்பு 2023 மே மாதம் எடுத்துவிட்டது. ஆயினும் உரிமம் வரும்வரை காத்திருக்காமல், உரிமம் தேவைப்படாத ஆலைப் பராமரிப்பு வேலைகளையும் பாருங்கள்.

குறைகளையும் மறைக்க மாட்டேன். வேலை வாங்கித் தருவது இந்த அமைப்புகளால் ஆகாது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை அரசுக்கு அனுப்ப வேண்டியிருப்பதால், தலை எண்ணிக்கைக்காகவே நடக்கும் கூட்டங்களும் உண்டு. ஓர் அமைப்பில் ஒரே பயிற்சிக்கு என்னை மூன்று முறை வேறு வேறு பெயரில் உட்காரவைத்தார்கள். அப்படித் தோன்றினால் நன்றி சொல்லிவிட்டு வேறிடத்துக்குப் போங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆலோசகர்களில் பலர் விசா தொடர்பான சட்ட ஆலோசனை சொல்ல உரிமம் பெற்றவர்கள் அல்லர். அந்தக் கேள்விகளுக்கு வழக்கறிஞரையோ உரிமம் பெற்ற முகவரையோதான் பார்க்க வேண்டும். எந்த அமைப்பு எங்கே என்று தெரியாவிட்டால் 211 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் தமிழிலேயே பேசலாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: விமான நிலையத்தில் அழைத்துக்கொள்வது, சின் எண் வாங்குவது, வங்கிக் கணக்கு தொடங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை கேட்கும் முகவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். சென்ற வாரம் என் உறவினர் ஒருவர் அப்படி முன்பணம் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னார். சின் எண்ணுக்குக் கட்டணமே கிடையாது. மற்றவற்றுக்கு வழிசொல்லத்தான் நான் இவ்வளவு எழுதியிருக்கிறேன். அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எத்தனை ஆண்டுகளாக ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு ஒரு சான்றுக் கடிதம் வாங்கிவாருங்கள். அங்கே சாலைத் தேர்வுக்கான காத்திருப்பு குறையும்.

இனி மேல்கோட்டு. கோவையில் வாங்காதீர்கள். உள்ளே போடத் திருப்பூர்ப் பனியன்கள் எத்தனை வேண்டுமானாலும் கொண்டுவாருங்கள், வெளியே போடுவதை அங்கே பார்த்துக்கொள்ளலாம். எங்கள் முதல் குளிர்காலத்தில், மகளின் பள்ளியில் ஒரு தூக்குச்சட்டம் நிறையக் கோட்டுகளைத் தொங்கவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடையில் பார்வைக்கு நன்றாக இருந்த ஒன்றைக் கைக்காசு கொடுத்து வாங்கினேன். ஜனவரிக் காற்றுக்கு அது தாங்கவில்லை, பிள்ளை இரண்டு வாரம் காய்ச்சலில் கிடந்தாள். அதன்பின் அவள் வளர்ந்த ஆண்டுகளிலெல்லாம் அவளுக்குச் சிறிதாகிப்போன கோட்டையும் பனிக்காலணியையும் துவைத்துத் துடைத்து அந்த அம்மாவின் அலுவலகத்தில்தான் கொடுத்துவந்தோம். பழையவற்றில் சில இன்னும் வீட்டில் இருக்கின்றன. மார்ச்சிலும் அங்கே பனி கிடக்கும். ஆகவே அடுத்த கடிதத்தில் உங்கள் மகளின் உயரத்தையும், பாதத்தின் நீளத்தைச் சென்டிமீட்டரிலும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்