கோயில் வரி கேட்டு வரும் வரை

கிள்ளானிலிருந்து வந்து மூன்று மாதமாகச் சரவணம்பட்டியில் குடியிருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கோயம்புத்தூரில் வருஷம் முழுக்க என்னதான் நடக்கிறது? எல்லாம் முடிந்த மறுநாள்தான் எனக்குத் தெரிய வருகிறது. மலேசியக் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) வைத்திருக்கிற நான் ஊர்க் காரியங்களில் கலந்துகொள்ளலாமா?"

நானும் மலேசியாதான், ஈப்போக்காரி. கல்யாணமாகி வடவள்ளிக்கு வந்தது 2009இல். இதே கேள்வியை அன்றைக்கு நானும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டேன். "அதெல்லாம் வருமுங்க, பாருங்க" என்றார். கோபமாக வந்தது. பிறகுதான் புரிந்தது, இங்கே பாதி விஷயம் தண்ணீர்க் குழாயடியில்தான் தெரியவரும். சிறுவாணித் தண்ணீர் தினமும் வராது. வருகிற நாளில் தெருவே விழித்திருக்கும். எந்தக் கோயிலில் கம்பம் நட்டார்கள், எங்கே மின்தடை, யார் வீட்டில் சீர் என்று ஒரு குடம் நிறைவதற்குள் செய்தி வந்துவிடும். நீங்கள் அடுக்குமாடியில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதுதான் சிக்கல். வாட்ச்மேன் அண்ணனிடம் பேச்சுக் கொடுங்கள். இங்கே யாரும் "பசியாறிட்டீங்களா" என்று கேட்க மாட்டார்கள், "சாப்பிட்டீங்களா" என்று நீங்களே ஆரம்பிக்க வேண்டியதுதான்.

சரி, வருஷத்துக்கு வருவோம். பண்டிகையை இங்கே நோம்பி என்பார்கள். பொங்கல் நோம்பிக்கு முதல் நாள் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலில் செருகுவார்கள், அதற்குப் பெயர் காப்புக் கட்டு. தெருமுனையில் கட்டுக் கட்டாக விற்கும், வாங்கிச் செருகுங்கள். வாசலில் அது இல்லையென்றால் "ஏனுங்க, மறந்துட்டீங்களா?" என்று யாராவது கேட்பார்கள். அப்படிக் கேட்டாலும் நல்லதுதான், அறிமுகம் ஆகிவிடும்.

தைப்பூசத்துக்கு மருதமலை போங்கள். பத்துமலையை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். அலகுக் காவடியும் வெள்ளி ரதமும் நம் ஊரில் பார்த்த அளவுக்கு இங்கே எதிர்பார்க்காதீர்கள். தமிழ்நாட்டில் தைப்பூசத்துக்கு அரசு விடுமுறையே 2021இல்தான் வந்தது என்று சொன்னால் ஈப்போவில் என் அண்ணன் நம்பவில்லை. ஆனால் பழனிக்கு நடந்தே போகிற கூட்டத்தைச் சாலையோரம் நின்று பாருங்கள். ராத்திரியில் அவர்களுக்குச் சுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டு நின்றதுதான் இந்த ஊரில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம்.

மாசியில் கோனியம்மன் தேர். எனக்கு வருஷத்தில் முக்கியமான நாள் அதுதான். ராஜவீதியிலிருந்து தேர் கிளம்பும், ஜனங்கள் அதன் மேல் உப்பை வீசி வேண்டிக்கொள்வார்கள். ஒப்பணக்கார வீதிப் பள்ளிவாசல் பக்கம் ஜமாத்தார் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். 1998 குண்டுவெடிப்பில் இந்த ஊர் பட்டதை என் மாமியார் அந்தக் கடைவீதியிலேயே நின்று பார்த்தவர். ஒவ்வொரு வருஷமும் அந்த இடம் வந்ததும் ஒரு பாட்டில் வாங்கிக் குடிப்பார், தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

வெயில் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இறங்கியதும் ஊர் மறுபடி கலகலப்பாகும். ஜூலையில் கொடிசியா கண்காட்சி வளாகத்தில் புத்தகத் திருவிழா. ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா. அது 2005இலிருந்து நடக்கிறது, மாலைக் கூட்டங்களுக்காகவே போகலாம். நவம்பர் 24 கோவை தினம், 1804இல் மாவட்டம் உருவான நாள். டிசம்பரில் மாரத்தான். இவற்றுக்கெல்லாம் பேனர் வைப்பார்கள், தவறவிட மாட்டீர்கள்.

பேனர் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: வள்ளி கும்மி, வள்ளி முருகன் கதையைப் பாடிக்கொண்டே ஆடுகிற கும்மியாட்டம். புறநகர்க் கிராமங்களில் ராத்திரி வேலை முடிந்து வந்து பழகுவார்கள், பழகி முடித்ததும் அரங்கேற்றம். பெண்களுக்கும் இதைக் கற்றுக்கொடுத்த மேட்டுப்பாளையம் பக்கத்துப் பத்ரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எனக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. நீங்கள் சின்ன வயது, பழகலாம்.

அடுத்து கடப்பிதழ். ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குக் கொடுப்பது) இருந்தாலும் ஓட்டுக் கிடையாது, விவசாய நிலமும் வாங்க முடியாது. 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல் அன்று தெருவே மை விரலைக் காட்டிக்கொண்டிருந்தது, நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். அந்த வருஷம் நவம்பரில், வார்டுப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைக் கூட்டம் வந்தது. அதில் வாக்காளர்களுக்குத்தான் இடம். பின்வரிசையில் உட்கார்ந்தேன். எங்கள் சந்தில் எரியாத விளக்குக் கம்பங்களை எண்ணித் தாளில் எழுதிக் கொடுத்தேன், பக்கத்து வீட்டு அக்கா எழுந்து படித்தார். பிறகு அந்த மூன்றில் இரண்டு எரிந்தது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுக்க ஓட்டு வேண்டியதில்லை. வீடு உங்கள் பெயரில் இருந்தால் சொத்துவரியை ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டிவிடுங்கள், ஐந்து சதவீதம் குறையும். ஓட்டில்லாவிட்டாலும் வரி உண்டு, அதில் நம்மை யாரும் ஒதுக்குவதில்லை.

வந்த நாலாவது வருஷம் தெரு மாரியம்மன் கோயில்காரர்கள் கோயில் வரி கேட்டு ரசீதுப் புத்தகத்தோடு வாசலில் நின்றார்கள். அதுவரை எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போவார்கள். என் வீட்டுக்காரருக்கு வரி அவர் சொந்த ஊரான காங்கயத்தில். அன்று அவர் வீட்டில் இல்லை. "தலைக்கட்டு எத்தனைங்க அம்மணி?" என்றார் பெரியவர், வரி போடுகிற குடும்பக் கணக்கு அது. "ஒண்ணு போட்டுக்குங்க" என்றேன். பெயர் கேட்டு எழுதிக்கொண்டு, "எந்த ஊருங்க?" என்றார். ஈப்போ என்றேன். "அது தாராபுரம் பக்கமுங்களா?" என்று கேட்டுவிட்டு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

இந்த மாசித் தேருக்கு வாருங்கள். வண்டி எடுத்து வராதீர்கள், டவுன்ஹால் பக்கம் விட மாட்டார்கள். காந்திபுரத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி எனக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். உப்பு நான் கொண்டுவருகிறேன்.