கிளைஃபோசேட்டுக்கு மசியாத வாட்டர்ஹெம்ப்

வணக்கம். இல்லினாய்ஸில் உங்கள் சோயா வயலில் கிளைஃபோசேட் களைக்கொல்லியை இரண்டு முறை தெளித்தும் வாட்டர்ஹெம்ப் களை முழங்கால் உயரத்துக்கு நிற்பதால், அளவைக் கூட்டி மீண்டும் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள், தயவுசெய்து அடிக்காதீர்கள். ஒரே உயரமுள்ள இரு செடிகளில் ஒன்று கருகியிருக்க, பக்கத்திலுள்ளது நுனி மட்டும் மஞ்சளித்து இலைக்கணுக்களில் புதிதாகத் துளிர்த்திருந்தால், அது தெளிப்பில் நேர்ந்த குறையன்று, எதிர்ப்புத்திறனே என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

இவ்வளவு வளர்ந்தபின் நம்பத்தக்கது கைக்களையே. ஆண், பெண் செடிகள் தனித்தனியாக இருக்கும் இக்களையில் ஒரு பெண் செடியே லட்சக்கணக்கில் விதை உதிர்க்கக்கூடும் என்பதால், விதை முற்றுமுன் வேரோடு பிடுங்கி வயலுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். கூலி மிகுந்தாலும் இதில் சிக்கனம் வேண்டாம். களை மண்டிய பகுதியைக் கடைசியாக அறுத்து, அறுவடை இயந்திரத்தைச் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்த ஆண்டு விதைப்பையொட்டியே, சல்ஃபென்ட்ரசோன், பைராக்ஸசல்ஃபோன் போன்ற, மண்ணில் தங்கி வெவ்வேறு விதமாகச் செயல்படும் இரு மருந்துகளைச் சேர்த்து இடுங்கள். இக்களை ஆகஸ்ட் வரைகூட முளைக்கும். ஆகவே வரிசை இடைவெளியை 76 சென்டிமீட்டரிலிருந்து 38 ஆகக் குறைத்தால், பயிர் விரைவில் நிழல் மூடி அதை அடக்கும். தப்பியவற்றை 10 சென்டிமீட்டரைத் தாண்டுமுன், உங்கள் விதை ரகம் தாங்கும் வேறு மருந்தால் அடியுங்கள்.