தண்டனைச் சமூகவியல்: மதுரையில் ஆய்வுக் களம்

'தண்டனையும் சமூக மாற்றமும்' என்ற தலைப்பு அகலமாக இருக்கிறதென்று நெறியாளர் திருப்பியனுப்பியதாகவும், மதுரையில் எதைக் களமாகக் கொள்வதென்றும் கேட்டிருந்தீர்கள். நெறியாளர் சொன்னது நியாயமே. 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை, உசிலம்பட்டி வட்டார அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். குற்றமே செய்யாத ஆண்களும் பிறப்பின் பெயரால் கைரேகை பதிந்து, இரவில் காவலர் பார்வையில் படுத்துறங்க வேண்டியிருந்த அந்த ஏற்பாடு, தண்டனையைச் சமூகத்தின் கூட்டு மனச்சாட்சியோடு, அதாவது எல்லோரும் பகிரும் ஒழுக்க உணர்வோடு, இணைக்கும் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைமின் கோட்பாட்டில் எளிதில் அடங்காது. உங்கள் ஆய்வுக் கேள்வி அங்கேதான் பிறக்கிறது. இச்சட்டத்தை எதிர்த்த கள்ளர் சமூகத்தினர் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டோடு பலரும் நின்றுவிடுகிறார்கள். நீங்கள் அச்சமூகத்துக்காக அரசு நடத்திய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளையும் பாருங்கள். கண்காணித்த அரசே கல்வியும் கொடுத்தது. 1947இல் சட்டம் நீங்கியபின் 1948இலேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்ததையும் சேர்த்தால், ஆய்வுக்குக் கால எல்லை கிடைத்துவிடும். ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்திலிருந்து தொடங்குங்கள்.