கல்லை உருக்கி வார்த்தார்களா? கோயில் கட்டுமானம் பற்றிய கேள்வி பதில்

பழைய கோயில்களின் கல் வேலை பற்றிக் கொழும்பு அன்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நான் கட்டடப் பொறியியலாளன். கோயில் திருப்பணிகளில் ஸ்தபதிமாரோடு நின்று வேலை செய்தவன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (உயர்தர மாணவர், வெள்ளவத்தை): ஐயா, அந்தக் காலத்தில் கருங்கல்லை உருக்கி அச்சில் வார்த்தார்கள் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். உண்மையா?

பதில்: இல்லைத் தம்பி. கருங்கல்லை உருக்கி ஆறவிட்டால் திரும்பக் கருங்கல் வராது, கண்ணாடி மாதிரி ஒன்றுதான் வரும். தூணில் நாம் காண்கிற வெள்ளை, கறுப்பு மணிகள் பூமிக்கடியில் மிக மெதுவாக விளைந்தவை. அதை எந்த அச்சிலும் கொண்டுவர முடியாது.

கல்லை எப்படி எடுத்தார்கள் என்பதற்குப் பாறையே சாட்சி. மாமல்லபுரத்துக்குப் போனால் பாறைகளில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகளைப் பார்க்கலாம். அந்தக் குழிகளில் ஆப்பு இறக்கி, ஒவ்வொன்றாக மாறி மாறி அடித்துக்கொண்டு போனால் பாறை அந்தக் கோட்டில் பிளந்து வரும். அங்கேயே வலையன்குட்டை ரதமும் பிடாரி ரதங்களும் பாதியில் நிற்கின்றன. மேல்பகுதி செதுக்கி முடிந்திருக்கும், கீழே முரட்டுப் பாறை அப்படியே இருக்கும். மேலிருந்து கீழே வந்தார்கள் என்பது அதிலேயே தெரிகிறது. கட்டம் கட்டமாகக் காடி வெட்டி, இடையில் எழுந்து நிற்கும் சதுரங்களைத் தட்டி எடுத்த அடையாளமும் உண்டு.

தஞ்சைப் பெரிய கோயிலில் இன்னொரு சாட்சி இருக்கிறது. கருவறையைச் சுற்றியுள்ள மேல்தளச் சுவரில் 108 நடனக் கரணங்கள் வர வேண்டும். 81 மட்டுமே செதுக்கியிருக்கிறார்கள். மீதி 27 இடங்களிலும் கல் வெறுமையாக நிற்கிறது. அதாவது கல்லை முதலில் சுவரில் ஏற்றிவிட்டு, பிறகு நின்ற இடத்திலேயே செதுக்கியிருக்கிறார்கள். அந்த வெறுங்கற்களைப் பார்த்தால் உளியைக் கீழே வைத்துவிட்டுப் போன ஆட்களின் நினைவு எனக்கு வரும். அவர்கள் கைவேலையை வேற்றுக்கிரகத்தாருக்கு எழுதிக் கொடுப்பது எனக்கு மனவருத்தம் தருகிற விஷயம்.

கேள்வி (தெஹிவளை): இரும்பைவிடக் கருங்கல் கடினம் அல்லவா? வெறும் உளியால் எப்படி வெட்டினார்கள்?

பதில்: நல்ல கேள்வி. கருங்கல்லில் உள்ள பளிங்குமணி (குவார்ட்ஸ்) சாதாரண இரும்பைவிடக் கடினம், அது சரி. ஆனால் உளி கல்லைச் சீவுவதில்லை. ஒவ்வொரு அடியிலும் நுனிக்குக் கீழே உள்ள மணிகளை நொறுக்கிச் சில்லாகப் பெயர்க்கிறது. உளி சீக்கிரம் மழுங்கும், அதனால் கல் வேலை நடக்கிற இடத்தில் கொல்லன் உலையும் இருந்தே ஆக வேண்டும். உளியைக் காய்ச்சித் தட்டித் தோய்த்துக் கொடுக்கும் கொல்லர் இல்லாவிட்டால் சிற்பி கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

உருக்கு செய்யும் அறிவு நமக்கு எட்டாத தூரத்தில் இருக்கவில்லை. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில், மலைச்சரிவில் மேற்குப் பார்த்துக் கட்டிய உலைகளைத் தொல்லியலாளர் கண்டுபிடித்தார்கள். துருத்தி ஊதாமல் தென்மேல் பருவக்காற்றையே உலைக்குள் வாங்கி, 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை உருக்கு எடுத்திருக்கிறார்கள். இராசராசன் காலமும் அதற்குள் வந்துவிடுகிறது.

கேள்வி (பம்பலப்பிட்டியும் வேறு பலரும்): தஞ்சை விமானத்தின் உச்சியில் 80 தொன் ஒற்றைக் கல்லை எப்படி ஏற்றினார்கள்? அதன் நிழல் நிலத்தில் விழாதாமே?

பதில்: நிழலை முதலில் முடித்துவிடுவோம். விமானம் ஏறத்தாழ 60 மீற்றர் உயரம், அடி அகலம் சுமார் 30 மீற்றர், மேலே போகப் போக ஒடுங்கும். சூரியன் உச்சிக்கு மிக அருகில் நிற்கும் மாதங்களில் நண்பகல் நிழல் விமானத்தின் உடம்புக்குள்ளேயே அடங்கும். மார்கழியில் போய்ப் பாருங்கள், நண்பகலிலேயே வடக்குப் பக்கம் தரையில் கிடக்கும். காலையிலும் மாலையிலும் எல்லா மாதமும் விழும்.

உச்சியில் இருப்பது ஒற்றைக் கல் அல்ல, பல துண்டுகளைப் பொருத்திய சிகரம். அதனால் வேலை சின்னதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தஞ்சாவூர் காவிரி வண்டல் பூமி. கோயிலுக்கு வேண்டிய கருங்கல் முழுவதும் வெளியிலிருந்து வந்தது. ஒவ்வொன்றும் பல தொன் எடையுள்ள கற்களை வண்டியிலும் உருளையிலும் இழுத்து, மண்சாரத்தில் (மண் குவித்த சாய்வுப் பாதையில்) ஏற்றி, நெம்புகோலால் நகர்த்தி இருப்புப் பார்த்து வைப்பது சாதாரண காரியமா? சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து சாரம் போட்டதாக அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். சாரம் அவ்வளவு நீளமோ இல்லையோ, ஏதோ ஒரு சாரம் இல்லாமல் அந்த உயரத்துக்குக் கல் போயிருக்க முடியாது.

என்னை வியக்கவைப்பது உள்ளே இருக்கிற வேலை. விமானம் உள்ளே வெறும் கூடு. கீழே உள்சுவர், வெளிச்சுவர் என இரண்டு, நடுவில் சுற்றுப்பாதை. மேலே இரண்டும் சேர்ந்துகொள்ள, அதற்கு மேல் ஒவ்வொரு கல்வரியும் கீழ்வரியைவிடக் கொஞ்சம் உள்ளே நீட்டியபடி போய் உச்சியில் கூடுகிறது. இப்படி யோசித்த தலைமைத் தச்சன் பெயரையும் அங்கேயே கல்லில் வெட்டியிருக்கிறார்கள்: குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன். எல்லாரும் அரசன் பெயரைச் சொல்கிறோம், இந்தப் பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

கேள்வி (ஒரு தகப்பன், வத்தளை): யாளியின் வாய்க்குள் உருளும் கல்லுருண்டையை எப்படி உள்ளே போட்டார்கள் என்று மகள் கேட்கிறாள்.

பதில்: போடவில்லை என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். பல் இடுக்கு வழியாக மெல்லிய உளியை விட்டு, அதே கல்லில் உருண்டையைச் செதுக்கிக் கடைசியில் அறுத்து விடுவார்கள். காஞ்சி வரதராசர் கோயில் கற்சங்கிலியும் இதே வித்தைதான்.

கேள்வி (கல்கிசை): இசைத்தூண்கள் உள்ளே பொள்ளலா?

பதில்: இல்லை, திண்கல். ஹம்பி விட்டலர் கோயில் தூண்களைக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் சோதித்திருக்கிறார்கள். ஒரே கல்லில் பிரித்தெடுத்த சிறு தூண்கள் நீளம், பருமனுக்கு ஏற்ப வேறு வேறு சுரத்தில் அதிரும். நெல்லையப்பர் கோயிலிலும் அப்படித்தான். தயவுசெய்து தட்டிப் பார்க்காதீர்கள், தட்டித் தட்டியே பல தூண்கள் கெட்டுவிட்டன.

கேள்வி (ஓர் அம்மா, கொட்டாஞ்சேனை): கும்பாபிஷேகத்தில் சுவாமிக்கு அடியில் சாத்தும் அஷ்டபந்தன மருந்து என்ன?

பதில்: கொம்பரக்கு, சுக்கான்கல், குங்குலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய். எட்டையும் சேர்த்து நாள்கணக்கில் இடிப்பார்கள். இடிக்க இடிக்கச் சூடேறி இளகும், அந்தப் பதத்திலேயே திரித்து மூர்த்தியும் பீடமும் சேரும் இடத்தில் சாத்த வேண்டும். ஆறினால் இறுகிவிடும். அபிஷேக நீர் உள்ளே இறங்காமல் தடுப்பது இதுதான். வருடங்கள் போக வெடிக்கும், அதனால்தான் 12 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம். சீமெந்தை வைத்து ஒப்பேற்றுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை அம்மா. அடுத்த முறை மூர்த்தியை எழுப்பும்போது சீமெந்தோடு கல்லும் பெயரும்.

கேள்வி (வெள்ளவத்தை): யாழ்ப்பாணத்துப் பழைய கோயில்களில் ஏன் இப்படிக் கருங்கல் வேலை குறைவு?

பதில்: குடாநாட்டின் நிலம் சுண்ணாம்புக்கல். போர்த்துக்கேயர் இடித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திருகோணமலைக் கோணேசர் கோயிலை இடித்த கற்கள் அங்கே கோட்டை கட்டவே போயின.

கேள்வி (பலர்): இந்தியா போக வசதியில்லை. இங்கே எதைப் பார்க்கலாம்?

பதில்: கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயில். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907இல் தொடங்கி 1912இல் கருங்கல்லில் கட்டி முடித்தது. தூணின் தலையில் போதிகையும் (தாங்குகல்), அதன்மேல் உத்திரமும் (குறுக்கே போகும் கல்விட்டம்), அதன்மேல் பாவுகல்லும் (கூரையாகப் பரப்பிய பலகைக்கல்) ஏறும் இடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். எடை எந்த வழியாக நிலத்துக்கு இறங்குகிறது என்று கண்ணாலேயே பிடித்துவிடலாம். அப்புறம் ஒரு விடுமுறைக்குப் பொலனறுவை போங்கள். இரண்டாம் சிவாலயம் சோழர் எடுத்த வானவன்மாதேவி ஈச்சரம், உச்சிவரை கல், இன்னும் முழுதாக நிற்கிறது. முதலாம் சிவாலயச் சுவரில் கல்லும் கல்லும் சேரும் கோட்டை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள் பிள்ளைகளை.