இரவில் ஃப்ரீஸரை நிறுத்தாதீர்கள்

வணக்கம் நண்பரே. கோத்தகிரியில் உங்கள் மளிகைக் கடையில் வாங்கிய ஃபேமிலி பேக் ஐஸ்கிரீம் நறநறவென்று இருப்பதாகச் சொல்லித் திருப்பித் தருகிறார்கள், குளிர் ஊர்தானே என்று கரண்ட் பில்லுக்காக இரவில் ஃப்ரீஸரை நிறுத்துகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு கம்பெனியில் இல்லை, அந்த சுவிட்சில்தான்.

ஐஸ்கிரீமுக்கு வேண்டியது மைனஸ் 18 டிகிரி. நம் மலையில் உறைபனி விழும் ஜனவரி இரவிலும் கடைக்குள் அந்தக் குளிர் வராது. கொஞ்சம் சூடேறினாலே உள்ளிருக்கும் பொடிப்பொடி பனித்துகள்கள் உருகிவிடும். காலையில் மறுபடி உறையும்போது பெரிய படிகங்களாகச் சேரும், நாக்கில் அதுதான் நறநறக்கிறது. ஒரு டப்பாவைத் திறந்து பாருங்கள்: ஓரம் விட்டுச் சுருங்கி, மூடிக்கு அடியில் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும். அது இனித் தேறாது, விற்காதீர்கள்.

கப், கோன் எல்லாம் கடை வாசலிலேயே தீர்ந்துவிடும். டப்பா அப்படியில்லை, வீட்டில் நாலைந்து நாள் இருந்து கரண்டி கரண்டியாகப் போகிற சரக்கு.

பில்லைக் குறைக்க வேறு வழி இருக்கிறது. உள்சுவரில் படியும் பனியை அவ்வப்போது எடுத்துவிடுங்கள். இரவில் கண்ணாடி மூடிமேல் கனமான போர்வை போடுங்கள், மோட்டார் பக்கத்துக் காற்றுவழியை மட்டும் மறைக்க வேண்டாம்.

அப்புறம், லேபிள். வெறும் ஐஸ்கிரீம் என்று போட்டால் பால் கொழுப்பு 10 சதவீதமாவது இருக்க வேண்டும். ஃப்ரோஸன் டெசர்ட்டில் தாவரக் கொழுப்பு சேர்ந்திருக்கும். வாங்குகிறவரிடம் அதைச் சொல்லியே கொடுங்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து சரக்கு ஏறி வந்தால் டப்பாவை அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் இறக்கவே வேண்டாம்.